பருத்த குழாயின் நியாயம்: சிங்கப்பூரில் அலுமினிய மிதிவண்டி

நம் வீட்டுச் சமையலறைகளில் உலோகங்களுக்கென்று எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. பித்தளையும் வெண்கலமும் சீர்வரிசையில் வந்து சேரும். எவர்சில்வர் அன்றாடப் புழக்கத்துக்கு. அலுமினியச் சட்டி விருந்தாளி பார்க்காத மூலையில் கிடக்கும். மிதிவண்டி உலகிலும் ஏறத்தாழ இதே வரிசைதான் நிலவுகிறது. கார்பன் இழைச் சட்டகம் உச்சியில் நிற்கிறது. டைட்டானியம் ரசிகர்களுக்கு, எஃகு பழமையை விரும்புவோருக்கு, அலுமினியம் புதிதாகத் தொடங்குபவருக்கு என்று பங்கு பிரித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பர் தாம்சன் பக்கத்துப் பரோட்டாக் கடையில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்காரும்போது, "கார்பன்தானே அண்ணே?" என்ற கேள்விக்கு "இல்லை தம்பி, அலுமினியம்" என்று பதில் சொன்னால், கேட்டவர் மரியாதையாகப் பேச்சைத் தே தாரிக் பக்கம் திருப்பிவிடுவார். இந்த வரிசை எப்படி வந்தது, நம் ஊர்ச் சாலைகளுக்கு அது பொருந்துமா என்பதை அறிய வேண்டுமானால் உலோகத்தின் இயல்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், எஃகின் அடர்த்தி 7.85 கிராம். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிய இலாபமாகத் தோன்றும். ஆனால் பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் எஃகுக்கு 200 கிகாபாஸ்கல் என்றால் அலுமினியத்துக்கு 70 மட்டுமே. அங்கும் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே எஃகு வண்டியின் குழாய் அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டு உலோகத்தை மட்டும் மாற்றினால், எடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விறைப்பும் போய்விடும். எழுந்து நின்று மிதிக்கும்போது சட்டகம் இடமும் வலமும் துவளும். இந்த இழப்பை ஈடுசெய்வது வேதியியல் அன்று, வடிவியல். சுவர் மெல்லியதாக உள்ள குழாயின் வளைவை எதிர்க்கும் திறன் அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. எடையோ விட்டத்தின் விகிதத்தில் மட்டுமே கூடுகிறது. பழைய எஃகுச் சட்டகங்களில் கீழ்க்குழாயின் விட்டம் 28.6 மில்லிமீட்டர். அதே சுவர்த் தடிமனில் அலுமினியக் குழாயை 41 மில்லிமீட்டருக்குப் பருக்கச் செய்தால் விறைப்பு எஃகுக்குச் சமமாகிவிடும், எடை பாதிக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். நடைமுறையில் பள்ளம் விழாமல் காக்கவும் பற்றவைப்பைத் தாங்கவும் சுவரைத் தடிப்பாக்க வேண்டியிருப்பதால் இந்த இலாபம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான். அலுமினிய வண்டியைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும் அந்தப் பருத்த குழாய், கண்ணைக் கவர்வதற்காக வந்ததன்று.

இந்த எளிய கணக்கு மிதிவண்டித் தொழிலுக்கு உறைக்க நாளாயிற்று. 1970களில் இத்தாலியின் ஆலன் நிறுவனமும், அதன்பின் பிரான்சின் விட்டஸ் நிறுவனமும் செய்த அலுமினியச் சட்டகங்கள் எஃகின் ஒல்லிக் குழாய் அளவுகளையே ஒட்டியிருந்தன. குழாய்களைப் பற்றவைக்காமல் இணைப்புத் துண்டுகளில் செருகி ஒட்டினார்கள். அவை இலேசானவை, அழகானவை, ஆனால் துவளுபவை. ஐரிஷ் வீரர் ஷான் கெல்லி விட்டஸ் 979 வண்டியில் 1980களில் பெரும்போட்டிகளை வென்றார் என்பது அந்த வண்டிக்குப் பெருமைதான். வண்டியைவிட அவருடைய கால்களுக்கு அதிகப் பெருமை என்பது என் எண்ணம். குழாயைப் பருக்கவைக்கும் வழியை 1970களில் அமெரிக்காவின் எம்ஐடியில் மாணவராக இருந்த கேரி கிளைன் தொடங்கிவைத்தார். 1983இல் கேனன்டேல் நிறுவனம் பருத்த அலுமினியக் குழாய்களைப் பற்றவைத்த தன் முதல் மிதிவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஐரோப்பியப் போட்டிக் களமே அந்தப் பக்கம் சாய்ந்தது. 1998இல் மார்கோ பன்டானி டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றது பியான்கியின் அலுமினிய வண்டியில். மறு ஆண்டு அதே போட்டியில் தொடர்ச்சியாக நான்கு கட்டங்களை வென்ற மாரியோ சிப்பொலினியின் வண்டி கேனன்டேல் அலுமினியம். அதன்பின் கார்பன் வந்து மேடையை எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் மலைச்சிகரங்களில் வென்ற உலோகம் கடையின் முன்வரிசையில் "தொடக்கநிலை" என்ற சீட்டோடு நிற்கத் தொடங்கியது.

அலுமினியம் உடம்பை உலுக்கிவிடும் என்ற பேச்சும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். 1990களின் வண்டிகளில் குழாய் மிகப் பருமன், முன்சக்கரத்தைப் பிடிக்கும் முன்கவையும் பல வண்டிகளில் அலுமினியம், டயரோ 23 மில்லிமீட்டர் அகலத்தில் கல்லைப்போல் காற்றடைக்கப்பட்டிருக்கும். சாலையின் அதிர்வை முழுப்பழியாகச் சட்டகத்தின்மேல் போட்டுவிட்டார்கள். முக்கோணங்களால் ஆன ஒரு சட்டகம் மேலிருந்து வரும் அழுத்தத்துக்கு மிகச் சிறிதளவே வளையும். வளைந்து கொடுப்பவை டயரும், இருக்கையைத் தாங்கும் தண்டான சீட் போஸ்டும், இருக்கையுமே. கார்பன் முன்கவையும் 27.2 மில்லிமீட்டர் சீட் போஸ்டும் 28 மில்லிமீட்டர் டயரும் பொருத்திய இன்றைய அலுமினிய வண்டியை, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் பலரால் அடையாளம் சொல்ல முடியாது. (கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்ட நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிக்காது என்பது வேறு.)

அலுமினியம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் சட்டகத்தில் இருப்பது தூய அலுமினியம் அன்று. தூய நிலையில் அது கையால் வளைக்கக்கூடிய மென்மை கொண்டது. ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் 1906இல் செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிரவைத்துப் போட்டுவிட்டு, சில நாள் கழித்துச் சோதித்தபோது அது தானாகவே கடினமாகியிருந்ததைக் கண்டார். முதிர்வுக் கடினமாதல் எனப்படும் இந்த நிகழ்வுதான் விமானத்துக்கும் பின்னர் மிதிவண்டிக்கும் வழிவிட்டது. இன்று சட்டகங்களில் மிகுதியாகப் புழங்குவன 6061, 7005 என்னும் இரு கலவைகள். மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த 6061 சட்டகத்தைப் பற்றவைத்த பிறகு ஏறத்தாழ 530 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, கோணலை நிமிர்த்தி, மீண்டும் மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து முதிரச் செய்ய வேண்டும். சட்டகத்தின் ஒட்டுச்சீட்டில் காணும் "டி6" என்னும் குறி இந்த முழுச் சடங்கையும் குறிக்கிறது. துத்தநாகம் சேர்ந்த 7005க்கு அந்த உயர்சூட்டுக் கட்டம் தேவையில்லை. முதிர்ச்சி மட்டும் போதும். வாங்கும்போது எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை, இரண்டிலும் நல்ல சட்டகங்கள் உண்டு. நினைவில் வைக்கவேண்டியது ஒன்றுதான்: சட்டகத்தின் வலிமை உலோகத்தில் மட்டும் இல்லை, உலையில் நடந்ததிலும் இருக்கிறது. பழுதுபார்ப்பு பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

இனி நம் தீவுக்கு வருவோம். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கை மேடான புக்கிட் தீமா ஏறத்தாழ 163 மீட்டர். சாலை மிதிவண்டிக்காரர்கள் மலையேற்றப் பயிற்சி என்று போய்வருவது ஃபேபர் மலைக்கும் மண்டாயின் ஏற்ற இறக்கங்களுக்கும். கேனன்டேலின் கேட்12 போன்ற தரமான அலுமினியச் சட்டகம் 1,100 கிராம் அளவில் இருந்தது. நல்ல கார்பன் சட்டகம் அதைவிட 300, 350 கிராம் குறைவாக இருக்கும். ஓட்டுபவரும் வண்டியும் தண்ணீர்ப் புட்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு அரை விழுக்காட்டையும் எட்டாது. நான்கு நிமிடத்தில் ஏறி முடிக்கும் மேட்டில் அது ஒரு நொடி. ஆல்ப்ஸ் மலையில் ஒரு மணி நேரம் ஏறுபவர் அந்தக் கிராமை எண்ணுவதில் பொருள் உண்டு. சாங்கி கடலோரச் சாலையின் தட்டையான நெடும்பரப்பில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும் நமக்கு, ஓட்டத்தைத் தடுப்பது காற்றுதானே ஒழியச் சட்டகத்தின் எடை அன்று. கார்பனுக்குரிய முதன்மை வேறு இடத்து நிலப்பரப்பில் சம்பாதிக்கப்பட்டது. நாம் அதை வட்டியோடு இறக்குமதி செய்து வைத்திருக்கிறோம்.

இதை ஒப்புக்கொண்டால் மேம்படுத்தும் வரிசையும் மாறிவிடும். நான் பார்த்தவரை, புதிதாக அலுமினிய வண்டி வாங்கியவர் முதலில் கை வைப்பது கியர்த் தொகுதியில்: ஷிமானோவின் டியாகராவை எடுத்துவிட்டு அதற்கு மேற்படியான 105, 105ஐ எடுத்துவிட்டு அல்டெக்ரா. அது கடைசியில் செய்யவேண்டியது. இன்றைய கீழ்நிலைக் கியர்களே துல்லியமாக மாறுகின்றன. செயினையும் கேபிளையும் உரிய காலத்தில் மாற்றினாலே புதிய தொகுதியின் சுகத்தில் பெரும்பங்கு கிடைத்துவிடும். வண்டியின் குணத்தையே மாற்றுவது டயர். தொழிற்சாலையிலிருந்து வரும் தடித்த டயரைக் கழற்றிவிட்டு, சட்டகம் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான, மிருதுவான பக்கச்சுவர் கொண்ட நல்ல டயரைப் போட்டுக் காற்றழுத்தத்தைக் குறைத்தால் முதல் கிலோமீட்டரிலேயே வேறுபாடு தெரியும். அடுத்தது சக்கரம். அதற்கும் முன்னால், செலவே இல்லாமல், உடலுக்கேற்ற இருக்கை உயரமும் ஹேண்டில்பார் தூரமும்.

சக்கரத்தைப் பற்றி ஒரு சொல். சக்கர அச்சருகே உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கைச் சாலைப் போட்டிகளில் 2018இல் முழுமையாக அனுமதித்த பிறகு உற்பத்தியாளர்கள் சக்கரத்தின் விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் வண்டிகளைப் படிப்படியாகக் கைவிட்டார்கள். பிற்பகலில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் ஊரில் டிஸ்க் பிரேக் நல்ல துணைதான். ஆனால் ரிம் பிரேக் வண்டியிலும் அலுமினிய ரிம் நனைந்த நிலையில் ஓரளவு நம்பத் தகுந்தபடி பிடிக்கும். கார்பன் ரிம் நனைந்தால் பிடிப்பதற்குமுன் யோசிக்கும். பளபளப்புக்காக ரிம் பிரேக் வண்டியில் உயரமான கார்பன் சக்கரங்களை மாட்டிக்கொண்டு, மழையில் லிம் சூ காங் சாலையின் சிவப்பு விளக்கருகே நெஞ்சு படபடக்க நின்றவர்களை நான் அறிவேன். அவர்களில் நானும் ஒருவன். இந்த மாற்றத்தால் கிடைத்த நன்மை, பழைய பொருள்கள் விற்கும் கரோசெல் இணையச் சந்தையில் அருமையான ரிம் பிரேக் அலுமினிய வண்டிகள் அவற்றின் தகுதிக்கு மிகக் குறைந்த விலையில் கிடைப்பதுதான். பழைய சட்டகங்களில் 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டயர் நுழையாமல் போகலாம் என்பதை மட்டும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்வது பாதி உண்மை. காற்று பட்டவுடன் அதன்மேல் படியும் மெல்லிய ஆக்சைடுப் படலம் உள்ளே இருப்பதைக் காக்கிறது; எஃகைப்போல் செம்மண்ணாக உதிர்வதில்லை. ஆனால் வேறோர் உலோகமோ கார்பனோ அதைத் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்புநீரும் சேர்ந்தால், அந்த இடம் ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது; அந்தக் கலத்தில் கரைந்துபோகும் பக்கம் பெரும்பாலும் அலுமினியம்தான். கடற்காற்றும் எண்பது விழுக்காட்டைச் சுற்றிய ஈரப்பதமும் முழங்கையிலிருந்து சொட்டும் வியர்வையும் இருக்கும் சிங்கப்பூரில் உப்புநீருக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்ப் புட்டித் தாங்கியின் எஃகு போல்ட்டைச் சுற்றி வண்ணப்பூச்சு கொப்புளித்து நிற்பதைப் பழைய அலுமினிய வண்டிகளில் அடிக்கடி காணலாம். அது இந்த மின்கலத்தின் வேலை. இன்னும் மோசமானது சீட் போஸ்ட் ஒட்டிக்கொள்வது. கார்பன் போஸ்டானாலும் அலுமினியப் போஸ்டானாலும் உள்ளே இறங்கும் வியர்வை வெண்மாவாக இறுகி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். என் முதல் வண்டியில் மூன்று ஆண்டுகள் நான் தொடாமலே விட்ட போஸ்டைக் கடைசியில் உள்ளிருந்தே அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. அறுத்தவர் வாங்கிய கூலி ஒரு புதிய போஸ்டின் விலையைத் தாண்டியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போஸ்டைக் கழற்றித் துடைத்து, அலுமினியத்துக்குக் கிரீஸும் கார்பனுக்கு அதற்குரிய களிம்பும் தடவி மாட்டுவது பத்து நிமிட வேலை. வீட்டுக்குள் டிரெயினரில் ஓட்டுபவர் ஹேண்டில்பார்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வது நல்லது; வெளியில் காற்றோடு போய்விடும் வியர்வை, அறைக்குள் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளிலும் அதன் கீழுள்ள ஹெட்செட் பேரிங்கிலும் நேராக இறங்குகிறது. வீவக அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்துவோர், சாரல் அடிக்கும் பக்கம் எது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடைவழியை அடைக்கக்கூடாது என்னும் தீயணைப்பு விதி தனி.

எஃகு போல்ட் அலுமினியத் திருகுவழியில் ஏறுவதால், முறுக்கு அளவு காட்டும் சாவி இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவது ஆபத்து. ஸ்டெம் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் போதும். மரையைத் தின்றுவிட்டால் உள்ளே வேறு மரைச்சுருள் பொருத்த வேண்டிவரும்.

அலுமினியத்தின் பெருமை குறையாத ஓரிடம் உண்டு, அது வளையப் பாதையில் போட்டிக்கு ஓடும் தடகள மிதிவண்டி. மரத்தளப் பாதையில் ஏற்றம் இல்லை, பிரேக் இல்லை, கியர் மாற்றம் இல்லை. பின்சக்கரத்தோடு நிலையாகப் பிணைக்கப்பட்ட ஒரே பல்சக்கரம். கால் நின்றால் வண்டி நிற்கவேண்டும், வண்டி ஓடினால் கால் சுற்றவேண்டும். விரைவோட்டக்காரர் நின்ற நிலையிலிருந்து உதைத்துக் கிளம்பும்போது சட்டகத்திடம் கேட்பது விறைப்பு ஒன்றைத்தான், அதைப் பருத்த அலுமினியக் குழாய் தயக்கமின்றித் தருகிறது. டோலனின் பிரி கர்சா, சினெல்லியின் விகோரெல்லி, ஃபெல்ட், ஃபூஜி எனப் பல பெயர்கள் இந்த வரிசையில் நினைவுக்கு வரும். ஜப்பானின் கெய்ரின் சூதாட்டப் பந்தயம் மட்டும் வீரர்களுக்குள் வண்டியால் வேறுபாடு வரக்கூடாது என்று எஃகையே கட்டாயமாக்கி வைத்திருந்தது. மரத்தளத்தில் சுற்றிப்பார்க்க ஆசைப்படும் நம்மவர்களுக்குக் கடற்பாலத்தைக் கடந்து சில மணி நேரத்தில் மலேசியாவின் நீலாய் இருக்கிறது. 2017இல் திறக்கப்பட்ட அந்த 250 மீட்டர் உள்ளரங்கப் பாதைக்கு, அதே ஆண்டில் கெய்ரின் உலக வாகையரான அஜிசுல்ஹஸ்னி அவாங்கின் நாட்டில் இருக்கும் மதிப்பு தனி.

சாலைக்கு வந்த தடகள வண்டியின் கதை வேறு. 2000களின் இறுதியில் இந்த நிலைப்பல் வண்டியைத் தெருவில் ஓட்டும் "ஃபிக்ஸி" மோகம் இங்கும் பரவியது. 2008இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய ரெட் ஹூக் கிரிட்டீரியம், பிரேக் இல்லாத வண்டிகளைத் தெருவளைவுகளில் போட்டியிடவைத்து, தட்டையான கத்திபோன்ற அலுமினியச் சட்டகங்களை இளைஞர்களின் கனவாக்கியது. இங்கே அந்த வண்டியைச் சாலையில் பிரேக் இல்லாமல் ஓட்ட முடியாது. 2021 செப்டம்பர் 1 முதல் பொதுப் பாதைகளில் ஓடும் மிதிவண்டி எதிலும் வேலை செய்யும் கைப் பிரேக் ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்பது விதி. இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது: அசல் தடகள வண்டியின் முன்கவையில் பிரேக் மாட்டத் துளை இருக்காது. துளையிட்டுக்கொள்ளலாமே என்று துளைக்கருவியைக் கையில் எடுப்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஏற்கெனவே துளையிடப்பட்ட, அதே உயரமும் தண்டு அளவும் உடைய முன்கவையை வாங்கி மாற்றுவதே வழி. முன்பிரேக் ஒன்று சேர்ந்ததால் வண்டியின் வடிவழகு கெட்டுவிட்டது என்று வருந்துவோர் இருக்கிறார்கள். பீடோக்கில் மாலை நேரத்தில் பிள்ளைகள் குறுக்கே ஓடும் பூங்கா இணைப்புப் பாதையைப் பார்த்துவிட்டு வருந்தலாம்.

அழகு என்று பேசும்போது, அலுமினியத்தை ரசிப்பதற்கு வேறு கண் வேண்டும். கார்பன் சட்டகம் அச்சில் வார்த்ததுபோல் இணைப்பே தெரியாமல் வழுக்கிச் செல்கிறது. அலுமினியத்தில் மனிதக் கை பட்ட இடம் தெரிகிறது. மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடைவெளியில் படிந்த பற்றவைப்பு வரி, அதைப் போட்டவரின் மூச்சும் மணிக்கட்டும் தடுமாறவில்லை என்பதற்குச் சான்று. சில நிறுவனங்கள் அந்த வரியை இரண்டாம் முறை உருக்கித் தேய்த்து மறைக்கின்றன. எனக்கு மறைக்காததே பிடிக்கும். திரவ அழுத்தத்தால் குழாயை உள்ளிருந்து உப்பவைத்து வேண்டிய வடிவம் தரும் முறையும் ரசிக்கத்தக்கது. ஸ்பெஷலைஸ்டின் அல்லே ஸ்பிரின்ட் வண்டியில் தலைக்குழாயோடு கீழ்க்குழாயின் தொடக்கத்தையும் ஒரே துண்டாக அப்படி உருவாக்கி, பற்றவைப்பை அதிக அழுத்தம் விழும் மூலையிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பார்க்க வித்தியாசமாக இருக்கிறதே என்று கேட்பவருக்கு அதன் காரணத்தைச் சொன்னால், அடுத்தமுறை அவரே குனிந்து பார்ப்பார்.

இனி, இந்த உலோகத்தின் உண்மையான குறைக்கு வர வேண்டும். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை கோடி முறை அழுத்தினாலும் அது சோர்வதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான வரம்பு இல்லை. ஒவ்வொரு மிதியும், எவ்வளவு சிறியதானாலும், கணக்கில் ஏறுகிறது. இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. குழாய் பருத்து வளைவு குறைவாக இருப்பதால் ஒவ்வொரு மிதியின் கணக்கும் மிகச் சிறியது, நல்ல சட்டகம் பல்லாண்டு ஓடும். ஆனால் பழைய வண்டி வாங்கும்போது பார்க்கவேண்டிய இடங்கள் இருக்கின்றன: தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்பகுதி, மிதிகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டை ஒட்டிய பின்கவை, சீட் குழாயின் மேற்பிளவு, பின் அச்சு பொருந்தும் முனை. பற்றவைப்பின் ஓரத்தையொட்டி வண்ணத்தில் மயிரிழைக் கோடு ஓடினால் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் சிக்கினால் விலை பேசவே வேண்டாம். கீழ்க்குழாயின் அடியில் சுருக்கமோ வீக்கமோ தெரிந்தால் வண்டி நேருக்கு நேர் எதிலோ மோதியிருக்கிறது. குழாயின் நடுவில் விழுந்த சிறு பள்ளம் அவ்வளவு கவலைக்குரியது அன்று, இணைப்பருகே விழுந்தது கவலைக்குரியது. மரையில்லாமல் அழுத்திப் பொருத்தும் பிரெஸ் ஃபிட் பாட்டம் பிராக்கெட் கிரீச்சிடுவதை மட்டும் விரிசல் என்று எண்ணிக் கலங்க வேண்டாம். பெரும்பாலும் அது கழற்றித் துடைத்து மாட்டினால் அடங்கும் சத்தம்.

விரிசல் உறுதியானால் என்ன செய்வது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கார்பன் உடைந்தால் இழைகளை அடுக்கிப் பழுதுபார்க்கலாம், எஃகு உடைந்தால் குழாயையே மாற்றலாம். அலுமினியத்தை மீண்டும் பற்றவைத்தால், முன்பு சொன்ன உலைச் சடங்கில் பெற்ற வலிமையை அந்தச் சூடு சுற்றியுள்ள பகுதியில் ஏறத்தாழ பாதியாகக் குறைத்துவிடும். முழுச் சட்டகத்தையும் மறுபடி உலையில் வைத்துக் கோணல் நிமிர்த்த யாரும் முன்வருவதில்லை, வந்தாலும் புதிய சட்டகத்தின் விலையைத் தாண்டும். பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு சட்டகத்தைப் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் எடைக்குப் போடுவதே முறை. பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காட்டிலேயே அலுமினியத்தை மீண்டும் உருக்கிவிடலாம் என்பதால் அதற்கு எப்போதும் ஒரு விலை இருக்கும். கொடுக்குமுன் கீழ்க்குழாயை வாளால் அறுத்து இரண்டாக்கிவிடுங்கள். முழுதாகக் கொடுத்தால், விரிசலை வண்ணத்தால் மூடி யாராவது மறுபடியும் விற்றுவிடுவார்கள், அதில் யாராவது ஏறியும் விடுவார்கள்.